கிஃப்ட் பாக்ஸில் ஐந்து அடுக்கு

பானையோட்டைக் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. உடைந்த விளிம்பைப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம்; பரப்பை அழுத்தித் தேய்க்கக் கூடாது, பழைய பூச்சு போய்விடும். கழுவியதை நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகு எண்ணி, எந்த மண்ணடுக்கில் கிடைத்ததோ அந்த அடுக்கின் ட்ரேயில் போட வேண்டும். அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் போன இரண்டாம் நாளே இதையெல்லாம் பதினான்கு குறிப்புகளாக எழுதி, நகல் எடுத்து, தகரக் கொட்டகையின் தூணில் ஒட்டிவிட்டேன். எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதியதை யாரும் படிக்கவும் இல்லை.

நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் தரப் பரிசோதனை என் வேலை. பிள்ளையாரின் தும்பிக்கையில் நீலம் மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பேன். காலண்டர் சீசன் முடிந்து அச்சகம் மூச்சு வாங்கும் மாதத்தில் எனக்கு லீவு மிச்சமிருந்தது. அதை விருதுநகரில் வீட்டிலிருந்து கழித்தால் அம்மா என் ஜாதகத்தை பீரோவிலிருந்து எடுத்துவிடுவாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பேராசிரியர் குழி தோண்டுகிறார், ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டேன்.

கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மேடு. மேட்டில் ஒரே ஒரு குழி. பேராசிரியருக்குக் கிடைத்திருந்த அனுமதியே ஒரு குழிக்கும் ஒரு பருவத்துக்கும்தான். தோண்டத் தோண்ட ஐந்து மண்ணடுக்குகள் வந்தன. மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது. ஆகவே ஓர் ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்பதுதான் அதன் வரலாறு. அது தெரியாவிட்டால் அது வெறும் உடைந்த சட்டி. கடைசி வாரத்தில் ஐந்தாம் அடுக்கின் அடியில் ஒரு செங்கல் வரிசையின் முனை எட்டிப் பார்த்தது. அது சுவரா, தரையா, யாரோ வீசிய கல்லா என்று தெரிய இன்னொரு பருவம் தோண்ட வேண்டும். தோண்டலாமா, குழியை மூடிவிடலாமா என்று சொல்ல மதுரையிலிருந்து ஒரு பானையோட்டு நிபுணர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்த ஓடுகளைப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்வார். பேராசிரியர் சாப்பிட்ட கையோடு போய் அந்தச் செங்கல் முனையைப் பார்த்துவிட்டு வருவார். சில நாள் சாப்பிடாமலும்.

ஓடுகளைப் பிரித்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு உதவிக்கு ஐந்து அக்காமார்கள். பக்கத்து ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன்காரர்கள். ஷெட்டுகளை மராமத்து பார்ப்பதற்காகக் கம்பெனி ஒரு மாதம் மூடியிருந்தது. “வீட்ல சும்மா உக்காந்தா கை நமநமங்குது தாயி” என்று வந்துவிட்டார்கள். ஐவருக்கும் தலைமை, நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா. அவரைப் பேக்கிங் அக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

அவர்கள் கம்பெனிப் பழக்கம் எதையும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. முதல் நாள் கொட்டகைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு பேராசிரியரின் முன் போய் நின்று பேக்கிங் அக்கா கை நீட்டினார்.

“சார், செல்லக் குடுங்க.”

“எதுக்கு?”

“உள்ள செல்லு கூடாது.”

“இது அகழாய்வும்மா. இங்க வெடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“எங்க மொதலாளியும் இப்படித்தான் சொல்லுவாரு.”

பேராசிரியர் செல்பேசியைக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் வரை குழிக்குள் நான்கு பேருக்கு மேல் இறங்க அவர்கள் விடவில்லை. வெடிமருந்து ரூமுக்கு நாலு பேர் என்பது கணக்காம். இரும்புக் கொத்துக்கரண்டி கல்லில் உரசினால், பொறி பறக்குமென்று ஐவரும் கரையில் நிற்பார்கள். எப்போது ஏறினார்கள் என்று பார்த்தவர்கள் கிடையாது. ஆனால் கை வேலை என்றால் அப்படியொரு வேலை. நான் பத்து ஓடு கழுவுவதற்குள் அவர்கள் நூறு கழுவி, உலர்த்தி, என் பதினான்கு குறிப்புகளையும் படிக்காமலே சரியாகச் செய்திருப்பார்கள்.

இனி நடந்தவற்றில் என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால் மூன்று.

முதலாவது, ஓடுகளின் மேல் அடுக்கு எண்ணை மையால் எழுத வேண்டும், நான் எழுதவில்லை. பேராசிரியர் கொடுத்த பேனாவின் மை ஓட்டில் பரவியது. புள்ளி ஒன்று வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓரம் சுத்தமாக இல்லை. அச்சகத்தில் இப்படி ஒரு புள்ளி விழுந்தால் மெஷினையே நிறுத்துவோம். ஆகவே வேறு பேனா கிடைக்கும் வரை எழுதுவதை நிறுத்தினேன். ஐந்து ட்ரே, ட்ரேக்கு ஓர் அட்டைச் சீட்டு, என் ரிஜிஸ்டரில் ட்ரே வாரியாக எண்ணிக்கை. அவ்வளவுதான் இருந்தது.

இரண்டாவது, ஓடுகளைப் போட்டுவைக்க அச்சகத்திலிருந்து நாற்பது காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தேன். பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். சிவப்பு தள்ளி அச்சாகி, மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தையின் உதடு கன்னத்தில் போய் ஒட்டியிருந்ததால் நானே கழித்துவிட்ட லாட் அது. உறுதியான அட்டை, வீணாக்க மனமில்லை.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டிகளை அவர்கள் முன் வைத்து, “எல்லாத்தையும் பெட்டியில போட்டு வைங்கக்கா, பேனா வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுச் சிவகாசிக்குப் போனேன். பேராசிரியரும் நிபுணரை அழைத்து வர மதுரைக்குப் போயிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் போட்டே பழகிய ஐந்து பேர் கையில் ஐந்து ட்ரேயையும் நாற்பது கிஃப்ட் பாக்ஸையும் கொடுத்துவிட்டுப் போகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிவகாசியில் நான்கு கடை ஏறி இறங்கி, ஒன்பது பேனாக்களை முயன்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பினேன். ட்ரேக்கள் ஐந்தும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நாற்பது பெட்டிகளும் சுவரோரம் ஒரே உயரத்தில் அடுக்கப்பட்டு, கன்னத்தில் உதடுள்ள நாற்பது குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

ஒரு பெட்டியைத் திறந்தேன். அழகு என்றால் அப்படியொரு அழகு. இடது மூலையில் இரண்டு கறுப்பு-சிவப்பு ஓடு, வலது மூலையில் மூன்று செம்பழுப்பு, எதிர் மூலைகளில் ஆறும் ஐந்தும், நடுவில் விளிம்புத் துண்டுகள், வைக்கோல் மெத்தை. அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதே. பத்தாவது பெட்டி. அதே.

“எப்புடி இருக்கு?” என்றார் பேக்கிங் அக்கா.

“அக்கா… இதுல எது எந்த அடுக்கு?”

“எல்லா அடுக்கும் எல்லாப் பெட்டியிலயும் இருக்கு பாப்பா. ஒரு பெட்டி வாங்குறவுகளுக்கு எல்லா வெரைட்டியும் கெடைக்கணும்ல.”

“யாரும் வாங்கப் போறதில்லக்கா.”

“சும்மா குடுத்தாலும் அப்படித்தான். மூணாவது ட்ரேயில சரக்கு நெறய, அதனால பெட்டிக்கு ஆறு. மொத ட்ரேயில கம்மி, அதனால ரெண்டு. எந்தப் பெட்டிக்கும் கொறை வரல. எண்ணிப் பாத்துக்க.”

“நான் எழுதி வச்ச சீட்டு அஞ்சு இருந்துச்சே?”

“அதா? அங்கன பாரு. வெரைட்டி லிஸ்ட்டு.” முதல் பெட்டியின் மூடிக்குள் ஐந்து சீட்டுகளும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாமாக, பொறுமையாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்ததை அக்காமார் மதியச் சாப்பாட்டுக்கு முன் நாற்பது சம பாகமாகப் பிரித்துவிட்டார்கள்.  அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் மதுரையிலிருந்து அழைத்தார்.

“எல்லாம் பெட்டியில வச்சாச்சா?”

“வச்சாச்சு சார்.”

“எந்தப் பெட்டியில எதுன்னு தெரியுதுல்ல?”

“எல்லாப் பெட்டியிலயும் எல்லாம் இருக்கு சார்” என்றேன். அது பொய்யில்லை. அவர் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிபுணர் வந்து இந்தப் பெட்டியைத் திறந்தால் குழியை அன்றே மூடச் சொல்லிவிடுவார். பேராசிரியர் அந்தச் செங்கல் முனையின் மேல் தன் கையாலேயே மண்ணைத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: அட்டவணை போட்டேன். நிறம், தடிமன், சூடுபட்ட அளவு, மண்ணின் மணல்தன்மை, வளைவு. ஒரு பெட்டியை எடுத்து ஒவ்வோர் ஓடாகப் பார்த்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, எந்த அடுக்காக இருக்கும் என்று எழுதினேன். நாற்பது நிமிடத்தில் ஒரு பெட்டி முடிந்தது. பதினொரு ஓடுகளுக்கு நேரே ‘இருக்கலாம்’ என்றும், ஐந்துக்கு ‘தெரியவில்லை’ என்றும், மற்றவற்றுக்கு வெறும் கேள்விக்குறியும் இருந்தன.

பேக்கிங் அக்கா முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா செய்ற?”

சொன்னேன். அடுக்கு என்றால் என்ன, அது ஏன் கலக்கக் கூடாது, நாளைக்கு யார் வருகிறார், வந்தால் என்ன ஆகும். அழவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக வந்தது.

“அட, இம்புட்டுத்தானா?” என்றார். திரும்பி, “ஏ, ஆர்டரு கேன்சலாம்ல!” என்று மற்ற நால்வரையும் கூப்பிட்டார். “ஆர்டரு கேன்சலானா என்ன செய்வோம்?”

“பிரிப்போம்” என்றார்கள் நால்வரும், ஏதோ பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல.

அவர்கள் விளக்கியதை நான் என் மொழியில் எழுதுகிறேன். கிஃப்ட் பாக்ஸ் லைன் என்றால் ஐந்து பேர் வரிசையாக உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு ட்ரே. பெட்டி முதல் ஆளிடமிருந்து ஐந்தாம் ஆள் வரை கை மாறிப் போகும். ஒவ்வோர் ஆளுக்கும் பெட்டிக்குள் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில்தான் வைப்பார், ஆயிரம் பெட்டியானாலும் இடம் மாறாது. மாறினால் மூடி மூடாது. ஆர்டர் கேன்சலானால் லைனைத் திருப்பிப் போடுவார்கள். பெட்டி ஐந்தாம் ஆளிடம் தொடங்கி முதல் ஆளிடம் முடியும். அவரவர் வைத்ததை அவரவர் எடுத்துக்கொள்வார். ஆக, அடுக்குகள் கலக்கவே இல்லை. மண்ணில் மேலும் கீழுமாக இருந்தவை பெட்டியில் இடமும் வலமுமாக இருந்தன. எனக்குத்தான் அது தெரியவில்லை.

உட்கார்ந்தார்கள். கை ஓடியது. ஓட்டை அவர்கள் பார்க்கக்கூட இல்லை. காதுகுத்து ஒன்றுக்கு என்ன எடுப்பது என்று பேசிக்கொண்டே எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பெட்டியும் காலி, ஐந்து ட்ரேயும் நிறைந்தன.

“சரியா?” என்றார் பேக்கிங் அக்கா.

“எண்ணணும்” என்றேன். வேலை புத்தி. கலக்கும் முன் எண்ணி வைத்திருந்தேன் அல்லவா? ரிஜிஸ்டரைத் திறந்து ட்ரே ட்ரேயாக எண்ணினோம். முதல் ட்ரே சரி. இரண்டு சரி. நான்கு சரி. ஐந்து சரி. மூன்றாம் ட்ரேயில் ஒன்று குறைந்தது.

மறுபடி எண்ணினோம். குறைந்தது. பெட்டிகளைக் கவிழ்த்தோம், வைக்கோலை உதறினோம், சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்து பார்த்தோம். மூன்றாம் ட்ரேக்காரக்கா, “எங்கைக்கு வந்தது எதுவும் தப்புனதில்ல. பன்னெண்டு வருச சர்வீஸு. ஒத்தச் சீனிவெடி கொறஞ்சதில்ல” என்று முகம் சிவந்தார். அவரைச் சமாதானப்படுத்தும் வேகத்தில் நான் கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன்.

பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் ஓர் ஓடு. அதன் உட்புறத்தில் ஒன்பது பேனாக்களால் வைத்த ஒன்பது புள்ளிகள், ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டு. கடையில் மையைச் சோதிக்க ஓர் ஓடு வேண்டும் என்று காலையில் நான்தான் மூன்றாம் ட்ரேயிலிருந்து எடுத்துப் போயிருக்கிறேன்.

ஐவரும் குனிந்து புள்ளிகளை எண்ணினார்கள்.

“நாங்க கலந்துதான் வச்சோம் தாயி” என்றார் பேக்கிங் அக்கா, மிக அமைதியாக. “நீ களவாண்டுட்டுல்ல போயிருக்க.”

அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த காகமெல்லாம் பறந்தன. மூன்றாம் ட்ரேக்காரக்கா சிரித்து முடித்துவிட்டு என் பையை வாங்கி இன்னொரு முறை உதறிப் பார்த்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

இப்போது எல்லாம் சரி. எண்ணிக்கை பொருந்துகிறது, நிபுணருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனால் கலந்து பிரித்த ஒன்றைக் கலக்காதது என்று நீட்டுவது, தப்பாக அச்சான காலண்டரை நல்ல கட்டுக்குள் செருகுவது போல. அந்த வேலையைச் செய்பவர்களைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்: கலந்த விதம், பிரித்த விதம், எண்ணிக்கை, என் பைக்குள் கிடைத்தது உட்பட.

சனிக்கிழமை காலை அந்தப் பக்கத்தைப் பேராசிரியரிடம் முதலில் கொடுத்தேன். அவர் படித்தார். குழியைப் பார்த்தார். மறுபடி படித்தார். “இத எழுதாம இருந்திருக்கலாம்” என்றார். “இருந்திருக்கலாம் சார்” என்றேன். ஒரு பெருமூச்சு விட்டு, தானே அதை நிபுணரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

நிபுணர் முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தவர். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஞாபகத்தை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. எண்ணிக்கை சரியா இருந்தா போதுமா? இங்க ரெண்டு அங்க போய், அங்க ரெண்டு இங்க வந்தாலும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்.”

அது நியாயமான கேள்வி. எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

“ஞாபகம் இல்ல சார்” என்றார் பேக்கிங் அக்கா. “கை.”

“கையையும் சோதிச்சுத்தான் பாக்கணும்.”

“பாருங்க. யாரு வேண்டாங்கா?”

பாதையோரத்து ஜல்லிக் கற்களில் நூறு பொறுக்கினோம். நிபுணரே ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி, எண் கீழே இருக்கும்படி ஐந்து ட்ரேயில் பிரித்தார். பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஆள் ஒருவர் இரண்டு கல். வைத்து, மூடி, பெட்டிகளின் வரிசையை மட்டும் கலைத்து, பிறகு பிரிக்க வேண்டும். பிரித்த பின் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லைனில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஐந்தாவது அக்காவைக் காணோம்.

“காதுகுத்துக்குப் போயிருச்சு” என்றார் பேக்கிங் அக்கா. “லைன்ல ஆள் கொறஞ்சா ஓடாது. சார், நீங்க உக்காருங்க.”

“நானா?”

“செல்லக் குடுத்துட்டு உக்காருங்க.”

நிபுணர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே சம்மணமிட்டார். லைன் ஓடத் தொடங்கியது. நான்காம் இடம் வரை பெட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஐந்தாம் இடத்தில் வந்து குவிந்தன.

“சார், தீவாளி வந்துரும்.”

“இருங்கம்மா.”

“மூலையில வைங்க. அந்த மூலை இல்ல. அது மூணாவது ஆளு மூலை.”

“ரெண்டு மூலையும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“மூலை ஒரே மாதிரிதான் சார். ஆளு வேற.”

“சாருக்குக் கையி வரல” என்றார் மூன்றாவது அக்கா, தன் மூலையைக் காப்பாற்றும் கவலையோடு. “பெரிய படிப்புல்ல, அதான்.”

பத்தும் முடிந்து, பெட்டி வரிசையைக் கலைத்து, திருப்பிப் பிரித்தோம். நிபுணர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றாம் ட்ரேயில் எல்லாம் ஒன்று. இரண்டில் எல்லாம் இரண்டு. நான்கில் எல்லாம் நான்கு. மூன்றாம் ட்ரேயில் ஐந்து என்று எழுதிய கல் இரண்டு இருந்தன. ஐந்தாம் ட்ரேயில் மூன்று என்று எழுதியவை இரண்டு. நிபுணர் ஒரே ஒரு பெட்டியில் மூன்றாம் ஆளின் மூலையில் வைத்துவிட்டார். மூன்றாவது அக்கா தன் மூலையில் இருந்த நான்கில் கைக்கு வந்த இரண்டை எடுத்துவிட்டார். மீதி இரண்டும், மூலை காலியாக இருந்த நிபுணரின் ட்ரேக்குப் போய்விட்டன.

நான் எழுதினேன்: ‘கற்கள் நூறு. பிழை நான்கு. நான்கும் ஐந்தாம் இடத்தில் அமர்ந்தவர் ஒரு பெட்டியில் இடம் மாற்றி வைத்ததால் நேர்ந்தவை. பிறர் பிழை இல்லை.’ கீழே, சோதனையை நடத்தியவர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டு நீட்டினேன்.

அவர் நின்றபடியே படித்தார்.

“கடைசி ரெண்டு வரி அவசியமா?”

“அது இல்லைன்னா அக்காமார் கையில பிழை இல்லைன்னு எப்படி சார் தெரியும்? பிழை நாலுன்னு மட்டும் போட்டா, நேத்து பிரிச்சதுலயும் நாலு இருக்கும்னு ஆயிடும். அடுக்கு நிக்காது.”

பேராசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் ட்ரேக்களை நம்பலாம். நம்பினால் குழி இன்னொரு பருவம் திறந்திருக்கும். விழுவதற்குக் குறுக்கே அந்த இரண்டு வரிகள் மட்டும்தான் நின்றன.

“போடுங்க சார்” என்றார் பேக்கிங் அக்கா. “புதுசா லைனுக்கு வர்றவுகளுக்கு நாலெல்லாம் கம்மி. நான் வந்த அன்னைக்கு பதினேழு.”

நிபுணர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். உடனே பேனாவை மூடாமல், கையெழுத்துக்குக் கீழே, மிகப் பொடி எழுத்தில், ஐந்தாம் இடத்தில் அமர்ந்தவருக்கு முன்பயிற்சி அளிக்கப்படவில்லை என்று சேர்த்தார். அதன் பிறகே அனுமதிப் படிவத்தை வாங்கி, இன்னொரு பருவம் தோண்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.